46 ஹெர்ட்ஸ்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கிலிருந்து என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணம் கேட்டு நண்பர்கள் சிலர் எழுதினார்கள். உடல்நலக் குறைவா, நெறியாளரோடு மனத்தாங்கலா என்று ஊகங்களும் வந்தன. இரண்டும் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் அதை நான் கையாண்ட விதமுமே காரணம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் ஆய்வு மாணவர்கள் இப்போது பெருகிவிட்டதால், நடந்ததை ஒளிவுமறைவின்றி எழுதிவைக்கிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க.

என் ஆய்வு சிகந்தராபாத்தின் கண்டோன்மெண்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சொலிகளைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையையும் அதைச் சார்ந்த தொழில்களையும் ஒட்டி இங்கே வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்கள். கடைத்தெருவில் தெலுங்கும் உருதுவும், வீட்டுக்குள் தமிழும் பேசுபவர்கள். இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. தமிழ்நாட்டிலும் பல வட்டாரங்களில் அது ளகரமாகவோ யகரமாகவோ மாறிவிட்டது. இந்தக் குடும்பங்களின் மூத்த தலைமுறையிடம் அது எப்படி நிற்கிறது, பேரப்பிள்ளைகளிடம் எப்படி மாறுகிறது என்பதே என் கேள்வி.

ழகரத்தை அளப்பதற்கு ஒரு வழி உண்டு. நாக்கு பின்னோக்கி வளையும்போது, பேச்சொலியின் மூன்றாம் ஃபார்மன்ட் எனப்படும் ஒத்ததிர்வு கீழே இறங்கும். 1999இல் ஷ்ரிகாந்த் நாராயணனும் உடனாய்வாளர்களும் தமிழின் ழ, ள, ல, ர, ற ஒலிகளைக் காந்த அதிர்வுப் படங்களோடு ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையில் நுழையும் எவரும் படிப்பது. மூன்றாம் ஃபார்மன்ட் எவ்வளவு தாழ்கிறதோ, அவ்வளவுக்கு நாக்கு ழகரத்துக்காக உழைத்திருக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். சில நூறு ஹெர்ட்ஸ் வேறுபாட்டில்தான் என் ஆய்வே நிற்கிறது.

பல்கலைக்கழகத்தில் நல்ல ஒலிப்பதிவு அறை இருந்தது. ஆனால் எண்பது வயதைக் கடந்தவர்களை நகரத்தின் மறுகோடிக்கு அழைத்துச்செல்வது மனிதத்தன்மையாகாது. ஆகவே 2022 ஜூனில், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உள்ளறையையே பதிவறையாக்கினேன். இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸ், ஒரு கன்டென்சர் மைக், ஒரு எக்ஸ்.எல்.ஆர். கேபிள், பழைய மடிக்கணினி. சுவரோரம் இரண்டு மெத்தைகளை நிறுத்தி, கதவைத் திறந்த நிலையில் துணி அலமாரியை வைத்தால் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். அதைத் திரும்பப் போட மறந்து, மூன்று முறை பால் கெட்டது. பிறகு வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப் பழகிக்கொண்டேன். வெளியே போகவேண்டுமென்றால் அதைத் திறந்தாக வேண்டும் அல்லவா?

முதல் வாரம் சின்னச் சின்னத் தொல்லைகள். மைக்கிலிருந்து ஒலியே வரவில்லை. கன்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் பவர் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தியதும் ஒலி இடது காதில் மட்டும் கேட்டது. முதல் உள்ளீடு இடப்பக்கத்துக்கே போகும், ஒற்றைத் தடமாகப் பதிவுசெய்தால் போதும் என்று புரிய அரை நாள். அடுத்து, பதிவில் இடையிடையே நெருப்பில் உப்புப் போட்டாற்போல வெடிப்புகள். வெளி வன்தட்டையும் இன்டர்ஃபேஸையும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில் சொருகியிருந்தேன். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். அதை இரண்டு கருவிகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இன்டர்ஃபேஸை நேராக மடிக்கணினியில் செருகி, பஃபர் அளவை 64இலிருந்து 512 ஆக்கியதும் வெடிப்புகள் நின்றன. பேச்சைப் பதிவதற்குப் பெரிய பஃபரால் கேடு ஒன்றும் இல்லை. பேசுபவரின் குரலை, கணினிக்குள் போய்வராமல், கருவியிலிருந்தே நேராக ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி இருந்தது, அதையே பயன்படுத்தினேன். இந்த வசதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தில் மைக்குக்கான 'மேம்பாடுகள்' என்று ஒரு பகுதி இருக்கும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு எல்லாம் அதற்குள். ஒலியியல் ஆய்வுக்குப் பதிவு செய்கிறவர்கள் முதல் வேலையாக அத்தனையையும் அணைத்துவிட வேண்டும். மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து நீக்குவது சில வேளைகளில் ஒரு சகரமாக இருக்கும்.

இவையெல்லாம் தீர்ந்த பிறகும் ஒன்று தீரவில்லை. அமைதியான இடங்களில் ஹெட்ஃபோனுக்கு அடியில் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம். மைக்கைக் கழற்றினாலும் இருந்தது. கேபிளை மாற்றினாலும் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் மறைந்தது. மடிக்கணினியின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் லேசான கூச்சம். எலக்ட்ரீஷியன் வந்து, ஹோல்டரில் மாட்டிய பல்பை வைத்துச் சோதித்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பல்பு பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரியவே இல்லை. மூன்று துளை பிளக்குகளுக்குப் பின்னால் எர்த் கம்பி எங்கேயோ அறுந்திருந்தது. வீட்டு உரிமையாளர் "பார்க்கலாம்" என்றார். எட்டு மாதம் பார்த்தார்.

சிலர் இதற்குச் சொல்லும் வைத்தியம் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ரீங்காரத்துக்குப் பதிலாக உயிர் போகும். நான் செய்தது கூடியவரை பேட்டரியில் பதிவுசெய்வது. ஆனால் என் கணினியின் பேட்டரி அரைமணிக்கு மேல் தாங்காது. நீண்ட அமர்வுகளில் சார்ஜரோடுதான் பதிவு. அதனால் ரீங்காரமும் உண்டு. பிறகு, ஆய்வுக்கான நகல்களில் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் மட்டும் வெட்டியெடுக்கும் நாட்ச் ஃபில்டரை ஓட்டி அதை நீக்கிவிடுவேன். மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்தேன். இந்த ஆய்வில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு மூதாட்டி என்னிடம் பேச ஒப்புக்கொண்டார். வயது எண்பத்துநான்கு. நான் அவரை அம்மா என்றே அழைத்தேன். அவர் என்னை முதல் நாள் "தம்பி" என்றும், இரண்டாம் நாளிலிருந்து "ஏம்ப்பா" என்றும் கூப்பிட்டார். பேத்தி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுப்போவாள். மொத்தம் ஒன்பது அமர்வுகள். முதல் ஆறு அமர்வுகளில் குடும்ப வரலாறு, திருமணம், ரஜாக்கர் காலத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருந்த இரவுகள். அவர் மகளையும் பேத்தியையும் இடையிலேயே சொற்பட்டியல் வாசிக்க வைத்துப் பதிவுசெய்துகொண்டேன். அம்மாவின் சொற்பட்டியல் மட்டும் டிசம்பருக்குத் தள்ளிப்போனது: வழி, வளி, கிழி, கிளி, மழை, கோழி, கிழவி. 'கிழவி' வந்தபோது, "என்னையே சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஏழு, எட்டு, ஒன்பதாம் அமர்வுகளில் அந்தப் பட்டியலும், அதை முடித்த களைப்பு தீர அவர் சொன்ன சில கதைகளும் இருக்கின்றன.

டிசம்பர் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் பாட்டொன்றைக் காணொளியாக்க என் கருவியையும் கணினியையும் இரண்டு நாள் பயன்படுத்தினார். காணொளித் துறையில் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்பது வழக்கம். நான் பயன்படுத்தி வந்தது குறுந்தகட்டுக்குரிய 44,100. (இந்த விநோத எண், எண்ம ஒலியை வீடியோ நாடாவில் சேமித்த காலத்தின் மிச்சம். நொடிக்கு 50 புலங்கள், புலத்துக்கு 294 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், பெருக்கிப் பாருங்கள்.) நண்பர் கருவியின் கட்டுப்பாட்டுப் பலகையில் 48,000 என்று நிலைநிறுத்தி வேலையை முடித்துக்கொண்டு போனார். அவர்மேல் குற்றமில்லை. திரும்ப வாங்கியதும் நான்தான் பார்த்திருக்க வேண்டும். நான் பதிவு மென்பொருளைத் திறந்தேன், அதில் 44,100 என்று இருந்தது, திருப்தியடைந்தேன். கருவி நொடிக்கு 48,000 மாதிரிகளை அனுப்பியது. மென்பொருள் அவற்றை வாங்கி, இவை நொடிக்கு 44,100 என்று கோப்பின் தலைப்பில் எழுதியது. இடையில் இருந்த டிரைவர் இரு தரப்புக்கும் தலையாட்டியது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

இப்படிப் பதிவான கோப்பை இயக்கினால் பேச்சு ஏறத்தாழ 8 விழுக்காடு மெதுவாக ஓடும். சுருதி, ஃபார்மன்ட்கள் எல்லாமே அதே விழுக்காடு தாழும். இசையறிந்தவர் கணக்கில் ஒன்றரை ஸ்வர இடைவெளி. பதிவின்போது எனக்குத் தெரியவில்லை; நான் கேட்டது கணினிக்குள் போகாத நேரடிக் குரல். வீட்டில் தனியே போட்டுக் கேட்டபோது ஏதோ உறுத்தியிருக்கிறது. என் குறிப்பேட்டில், எட்டாம் அமர்வுக்கு எதிரே, 'அம்மாவின் குரலில் இன்று சோர்வு. பனிக்காலம் காரணமாகலாம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு வரி கீழே, 'நாட்ச் ஃபில்டர் இந்தக் கோப்பில் வேலை செய்யவில்லை. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிட்டேன்' என்றும் இருக்கிறது. விடை என் கையெழுத்திலேயே இருந்தது.

ஜனவரியில் மடிக்கணினியின் வன்தட்டு செத்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். அதற்குப் பிறகு பதிவுசெய்த குடும்பங்கள் தப்பின.

மார்ச்சில் அளவைகள் வந்தன. அம்மாவின் ழகரத்தில் மூன்றாம் ஃபார்மன்ட் சராசரியாகச் சுமார் 1,950 ஹெர்ட்ஸ். மகளுடையது சுமார் 2,140. ஒரே வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் இடையே இவ்வளவு இறக்கம்! நான் எதிர்பார்த்தது இதைத்தான். எதிர்பார்த்ததைவிட அழகாகவே வந்திருந்தது. நாக்கை முழுதாக மடித்து ழகரம் பேசிய கடைசித் தலைமுறை என்று ஒரு வாக்கியமும் மனத்தில் தயாராகிவிட்டது. நெறியாளரிடம் காட்டினேன். "வேறு மூத்தவர்களிடமும் இது தெரிகிறதா?" என்று கேட்டார். அத்தனை தெளிவாக இல்லை என்றேன். "அப்படியானால் இவரிடம் ஏன் இருக்கிறது என்று முதலில் யோசி" என்றார். நான் யோசித்தது கருத்தரங்குக்கு அனுப்பவேண்டிய சுருக்கத்தைப் பற்றித்தான். அம்மாவின் அகர, இகர, உகரங்களின் ஃபார்மன்ட்களும் அதே அளவு தாழ்ந்திருந்தன. அவை அடுத்த பத்தியிலேயே அட்டவணையாக இருந்தன. வேண்டிய நிரல் கிடைத்துவிட்டதால் அடுத்த நிரலுக்குக் கண் போகவில்லை.

2023 ஆவணியில் அம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, ஒன்பது அமர்வுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். அன்று மாலையே கூடத்தில் போட்டுக் கேட்டார்கள். கடைசி அமர்வில் உள்ள கோழிக் கதையைத்தான் முதலில் கேட்டார்கள். பேத்திக்குச் சிறுவயதில் அம்மா சொல்லும் கதையாம். மகள் அழுதுகொண்டே கேட்டார். பேத்தி மட்டும் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னாள்: "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது ஆயா குரலே இல்ல. ஆயா இவ்ளோ மெதுவா பேச மாட்டாங்க."

நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். மைக்குக்கு நெருக்கமாக உட்கார்ந்து பேசினால் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகுந்து ஒலிக்கும், அதனால் குரல் கனத்ததுபோல் தோன்றும், கதை சொல்லும்போது யாருமே நிதானமாகத்தான் பேசுவார்கள் என்றெல்லாம். அந்த விளைவு உண்மையானதுதான். ஆனால் இறந்தவரின் வீட்டில் நின்றுகொண்டு, இருபது ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். இரவு வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தியை அனுப்பினாள். ஆயா அவளுக்கு அனுப்பியது. வரும் வழியில் கீரை வாங்கிவரச் சொல்லும் இருபது விநாடி.

அதை நான்கைந்து முறை கேட்டேன். பிறகு பிராட் மென்பொருளில் போட்டேன். சுருதி சராசரி 190 ஹெர்ட்ஸ் அளவில். என் கோழிக் கதையில் 175 அளவில். இதனால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது. குரல் மனநிலைக்கேற்ப ஏறி இறங்கும். அப்போதுதான் வேலை செய்யாமல் போன நாட்ச் ஃபில்டர் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் அமர்வின் மூலக் கோப்பை எடுத்து, அம்மா தண்ணீர் குடிக்கும் ஓர் இடைவெளியைத் தேர்ந்து, அதன் அலைமாலையை விரித்துப் பார்த்தேன். ரீங்காரம் இருந்தது. 50இல் இல்லை, 45.9 ஹெர்ட்ஸில் இருந்தது. அடுத்தது 91.9. அடுத்தது 137.8.

இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், விதிப்படி 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னகத் தொகுப்பும் இணைந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே அதிர்வு. விதித்த எல்லையை அது அவ்வப்போது சற்றே மீறும். ஆனால் 46க்கு இறங்கும் என்றால், அதற்கு வெகு முன்பே தொகுப்பு சரிந்து ஊர் இருண்டிருக்கும். அன்று என் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆக, தவறியது மின்சாரம் அல்ல, என் கடிகாரம். 50ஐ 45.9ஆல் வகுத்தேன். 48,000ஐ 44,100ஆல் வகுத்தேன். இரண்டும் ஒன்றே.

ஏழும் எட்டும் அப்படியே இருந்தன. எட்டாம் அமர்வுக்குக் குறிப்பேட்டில் தொடக்கம் 4.10, முடிவு 4.52, நாற்பத்திரண்டு நிமிடம். கோப்பின் நீளம் நாற்பத்தைந்தே முக்கால் நிமிடம். இதைப் பார்க்க மென்பொருளே வேண்டியதில்லை. முதல் ஆறு அமர்வுகளையும் மற்றக் குடும்பங்களின் கோப்புகளையும் இரவு முழுக்கச் சோதித்தேன். ரீங்காரம் இருந்தவற்றில் எல்லாம் 50. பேட்டரியில் பதிந்த, ரீங்காரமே இல்லாத கோப்புகளைக் குறிப்பேட்டு நேரத்தோடுதான் ஒப்பிட முடிந்தது. நேரம் குறிக்க மறந்த இரண்டு அமர்வுகளை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டேன். எட்டு மாதமாக நான் திட்டித் தீர்த்த அந்த அறுந்த எர்த் கம்பி இல்லாதிருந்தால் எத்தனை கோப்புகளை எடுக்க நேர்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கவும் அச்சமாக இருக்கிறது.

திருத்துவது எளிது. ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை. தலைப்பில் எழுதிய எண் மட்டுமே பொய். பிராட்டில் மாதிரி வீதத்தை மேலெழுதும் கட்டளை இருக்கிறது. 48,000 என்று கொடுத்தால் ரீங்காரம் 50க்கு ஏறி நிற்கிறது. இதை மாதிரி வீத மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீத மாற்றம் புதிய மாதிரிகளைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. அதைச் செய்தால் பிழை அப்படியே கோப்பில் உறைந்துவிடும்.

திருத்திய கோப்பில் அம்மாவின் ழகரம் சுமார் 2,120. மகளுக்கு 2,140. தாயும் மகளும் ஒரே ழகரத்தைத்தான் பேசியிருக்கிறார்கள். கருத்தரங்கு அமைப்பாளர்களுக்கு, அளவைப் பிழை காரணமாகக் கட்டுரையை விலக்கிக்கொள்வதாக நான்கு வரி எழுதினேன். நெறியாளர் கோபிக்கவில்லை. மூல அட்டவணையைத் திரும்பக் கேட்டு வாங்கி, உயிரொலிகளின் நிரலில் விரலை வைத்து, சற்று நேரம் என்னைப் பார்த்தார். கோபித்திருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் சார்ஜரைச் சொருகி, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவுசெய்கிறேன். நாளையும் நேரத்தையும் வாயால் சொல்கிறேன். எர்த் சரிசெய்யப்பட்டுவிட்டதால் ரீங்காரம் மிக மெலிந்துவிட்டது. ஆனாலும் அலைமாலையில் தேடினால் ஒரு முள்போல நிற்கிறது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்து ஆய்வு செய்பவர்கள், குறிப்பாகப் பிறர் பதிவுசெய்த கோப்புகளைப் பயன்படுத்துபவர்கள், ஒருமுறை அந்த முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய மூன்று அமர்வுகளையும் பேத்திக்கு அனுப்பினேன். நடந்ததை எழுதி, தாழ்வாரத்தில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எழுதியிருந்தாள்: "இப்ப ஆயா தான் அண்ணா. அம்மா கிட்ட பழசை அழிச்சிடச் சொல்லிட்டேன். கோழிக் கதைல நடுவுல ஆயா இருமுறாங்களே, அதை எடுத்துடாதீங்க."